குற்றம் யாருடையது?



ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை செய்யும் பெண்கள் பலர் நம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு சகோதரி, மாதவிலக்கு நாட்களில் நிற்கவும் முடியாத வலியால் பல வருஷங்கள் தவித்தவள். வீட்டார், "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்றார்கள். திருமணமாகியும் குழந்தை பிறக்காதபோது, "என்ன சாபமோ" என்றார்கள். ஜெபிக்கச் சென்ற என்னிடம் அவள், "ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டாள்.

அவளுக்கு இருந்த நோய் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே சினைப்பையிலும் வயிற்றறையிலும் ஒட்டி வளர்வதே இந்நோய். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று இத்திசுவை வயிற்றுக்குள் விதைக்கிறது என்று 1920-களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு இரத்தம் இப்படிப் பின்னோக்கிச் செல்வதுண்டு. நோயோ சிலருக்கே வருகிறது. ஏன்? உடலின் காவலர்களாகிய நோய் எதிர்ப்பு அணுக்களில் இதற்கான விடையின் ஒரு பங்கு இருக்கிறது.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்கள், கட்டிக்கொண்டே காவலும் காத்தார்கள் என்று நெகேமியா 4-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வயிற்றறையிலுள்ள மேக்ரோபேஜ் என்னும் அணுக்களுக்கும் இவ்விரு பணிகள் உண்டு. வழிதவறி வந்த திசுவை விழுங்கி அகற்றுவது ஒன்று. புண்ணை ஆற்றிக் கட்டுவது மற்றொன்று. இந்நோயில் காவல் தளர்ந்துபோகிறது. கட்டும் வேலையோ இடம் மாறிய திசுவுக்கே சாதகமாகிறது. அதில் புதிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வளர இவ்வணுக்களே உதவுகின்றன, வலி பெருகுகிறது. இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வேறு காவலர்களின் வலிமையும் இப்பெண்களிடம் குன்றியிருப்பதை 1991-ல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இக்குறைவு நோய்க்குக் காரணமா, நோயினால் வந்ததா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. இதைச் சீர்ப்படுத்தும் மருந்து இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. ஆயினும் ஹார்மோன் மாத்திரைகளாலும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சையாலும் பலருக்கு வலி தணிகிறது.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டார்கள் (யோவான் 9). ஆண்டவர் அவன்மேலும் அவன் பெற்றோர்மேலும் குற்றம் சுமத்தாமல், அவனுக்குப் பார்வை தந்தார். அதையே அந்தச் சகோதரிக்கும் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். பின்பு சிகிச்சைக்குச் சம்மதித்தாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை மாதந்தோறும் வலியால் துடித்தால், பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் செலுத்த இயலாத சகோதரிகளின் சிகிச்சைக்கு உங்கள் காணிக்கை உதவுகிறது. அவர்களுக்காக ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்