பெட்டியோடு வரும் முகாமையாளர்

ஒவ்வொரு நாள் காலையிலும் ‘பெக்கப் வெற்றி’ என்று திரையில் பார்த்து, என் கடன் கணக்குகள் பத்திரமாக இருப்பதாக நம்பியிருந்தேன். ஒரு நாள் சேர்வரின் டிஸ்க்குகள் பழுதடைந்தபோதுதான் உண்மை விளங்கியது. வர்த்தக சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடை, களஞ்சியசாலை என்று இரண்டு மூன்று சேர்வர்கள் இருந்தால் அவற்றை ஓரிடத்திலிருந்து மேற்பார்வை செய்ய ஒரு மென்பொருள் தேவை. விஎம்வெயார் நிறுவனத்தின் வீசென்டர் அத்தகையது. முன்பு அதற்கென விண்டோஸ் கணினி ஒன்றை அமைத்து, டேட்டாபேஸையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. 2011இல் ‘அப்ளையன்ஸ்’ வடிவம் வந்தது. இயங்குதளம், டேட்டாபேஸ், மென்பொருள் மூன்றும் ஒன்றாகப் பூட்டப்பட்ட வேர்ச்சுவல் மெஷின் அது. அதாவது சேர்வருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி. 2020இல் வெளிவந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸ் வடிவம் கிடையாது.

நிறுவும் வேலை இரண்டு கட்டங்களில் முடிகிறது. முதற் கட்டத்தில் பெட்டி சேர்வருக்குள் இறக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் நேரம், நிர்வாகியின் பாஸ்வேர்ட் முதலியவை கொடுக்கப்படுகின்றன. 8.0 பதிப்பின் மிகச் சிறிய அளவுக்கே 14 ஜிபி மெமரி வேண்டும். 10 சேர்வர்கள், 100 வேர்ச்சுவல் மெஷின்கள் வரை அது தாங்கும்.

எல்லாம் தயாராக வந்தாலும் மூன்று விடயங்கள் நம் பொறுப்பிலேயே இருக்கின்றன.

முதலாவது பெயர். வீசென்டருக்கு வைக்கும் பெயரை வலையமைப்பின் டிஎன்எஸ் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் தொடங்கி இடைநடுவில் நின்றவர்கள் பலர்.

இரண்டாவது நேரம். சேர்வரின் கடிகாரமும் வீசென்டரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். பிசகினால் உள்ளே நுழைவதே சிக்கலாகிவிடும்.

மூன்றாவது பெக்கப். நான் ஏமாந்தது இங்கேதான். வீசென்டர் தானாக எடுக்கும் பெக்கப்பில் இருப்பது அதன் சொந்த அமைப்புகள் மட்டுமே. எந்த மெஷின் எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன அனுமதி என்பன அதில் உண்டு. அந்த மெஷின்களுக்குள் இருக்கும் கணக்குகள் அதில் இல்லை. டிஸ்க் மாற்றிய பின் முகாமையாளர் திரும்பி வந்துவிட்டார். கணக்குப் புத்தகம் வரவில்லை. பற்றுச்சீட்டுப் பிரதிகளை வைத்து இரவு பகலாகக் கடன் கணக்கை மீண்டும் எழுதினோம். சில வாடிக்கையாளர்கள் தாமாகவே வந்து தம் பாக்கியைச் சொன்னார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. சில தொகைகள் கிடைக்கவேயில்லை.

கணினி பார்க்கும் தம்பியை நான் குறை சொல்லவில்லை. ‘எது பெக்கப் ஆகிறது?’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்காதது என் தவறு. இன்று கணக்கு மெஷினுக்குத் தனியாக பெக்கப் எடுத்து, ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே வைக்கிறோம். மாதம் ஒரு முறை அதை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்கிறோம்.

செலவையும் யோசியுங்கள். விஎம்வெயாரை பிரோட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையை நிறுத்தி சந்தா முறைக்கு மாற்றியது. ஒரே சேர்வர் உள்ளவருக்கு வீசென்டர் அவசியமில்லை. சேர்வரின் சொந்த நிர்வாகப் பக்கமே போதும். வீசென்டர் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் நிற்பதில்லை என்பதையும் அறிந்து வையுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆனின் 2:282ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. எழுதியதைப் பாதுகாப்பதும் அந்த அமானிதத்தில் அடங்கும். இன்றே உங்கள் தம்பியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.