சுவர் காயும் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

திருவண்ணாமலையில் ரமண நகரிலும் பெரும்பாக்கம் சாலைப் பக்கமும் வாடகைக்கு விடும் வீடுகள் பல, வெயில் காலத்தில் பூட்டித்தான் கிடக்கும். மார்கழியில் ரமண ஜெயந்தியை ஒட்டி வந்தவர்கள் பங்குனிக்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சிங்குக்குக் கீழே இருக்கும் கனெக்‌ஷன் ஹோஸ் வெடிப்பதற்கும் அதுதான் தோதான காலம். மாடியில் 1,000 லிட்டர் டேங்க். மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரும் வைத்திருந்தால் டேங்க் காலியாகக் காலியாக அது நிரப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா போன் செய்யும்போது, சமையலறைச் சுவர் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும்.

முதலில் மெயினை அணையுங்கள். மெயின் போர்டு இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் கிட்டே போகாதீர்கள். மின்னகம் 94987 94987-ஐ அழைத்து, வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அடுத்தது டேங்க் வால்வு. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் பழைய கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். அதை ரெஞ்ச் போட்டு முறுக்கினால் தண்டு உடைந்து வேலை இரட்டிப்பாகும். டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். பிளம்பர் வரும் வரை அது தாங்கும். சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள். தண்ணீரை வைப்பரால் தள்ளுவதற்கு என் யோசனை உங்களுக்குத் தேவைப்படாது.

மளிகையில் இரக்கம் பார்க்க வேண்டாம். தரையில் மூட்டையோடு நனைந்த அரிசி, பருப்பு எல்லாம் குப்பைக்கு. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையையும் மிளகாயையும் வெயிலில் உலர்த்தினாலும் வறுத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது. இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் இருப்பது பிழைக்கும்.

இனி அலமாரி. கடப்பா கல் ஷெல்ஃப் வைத்த வீட்டுக்காரர்கள் துடைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். மாடுலர் கிச்சன் என்றால், கீழே ஓரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் கிளிப்தான், இழுத்தால் வந்துவிடும். அதன் பின்னால்தான் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், கரப்பானும் அங்கேதான். பார்ட்டிக்கிள் போர்டின் ஓரம் டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தால், காயவைத்துப் பயனில்லை. கதவுகளையும் கீலையும் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை வெளியே போடுங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் என்றால் பின்பலகையைக் கழற்றிக் காற்றாட விட்டாலே போதும். பூஞ்சைக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போடுகிறவர்கள், அதே இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

பிளம்பர் ஹோஸை மாற்றியதும் எல்லாருக்கும் ஒரு அவசரம் வந்துவிடும். கார்த்திகை தீபம் நெருங்குகிறது, அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், பெயின்டர் கையில் இருக்கிறார். ஒரு கோட் பட்டி, இரண்டு கோட் பெயின்ட். மூன்று மாதத்தில் அதே இடம் கொப்பளித்து, விரல் வைத்தால் உதிரும்.

சமையலறைச் சுவரில் உள்பக்கம் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பக்கமாக ஈரம் வெளியேறாது. அது வெளியேறும் ஒரே வழி மறுபக்கம், அதாவது உங்கள் ஹால் அல்லது பூஜை அறைச் சுவர். அங்கே பெயின்ட் உப்பியிருக்கும் இடத்துக்கு மேலே ஒரு அடி வரை, பெயின்டையும் பட்டியையும் பூச்சு தெரியும் வரை சுரண்டி எடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சில நாளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுந்ததை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். பூப்பது குறையக் குறைய சுவர் காய்கிறது என்று அர்த்தம்.

பெடஸ்டல் ஃபேனை சுவருக்கு நேராக வைத்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மட்டும் திறந்தால் போதும். 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாக ஊறியிருந்தால் காய்வதற்கு மாதக் கணக்காகும். கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. கடைக்காரர் டேம்ப் புரூஃப் கோட்டிங்கை நீட்டுவார். ஈரச் சுவரில் அதைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கோட்டிங் முடியும் இடத்துக்கு மேலே போய்க் கிளம்பும்.

இவ்வளவு செய்தும் ஈரம் குறையவில்லை என்றால் வேறு எங்கோ கசிகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதிலிருந்து, சுவரில் ஈரம் கண்டாலே மலைத் தண்ணீர் மேல் பழி போடுவது இந்தப் பக்கம் சுலபமாகிவிட்டது. இரவு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் கன்ட்ரோலரையும் அணைத்துவிட்டு, டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து வையுங்கள். டேங்க் வால்வு திறந்தே இருக்கட்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குற்றவாளி சுவருக்குள் ஓடும் பைப்தான். அதைச் சரிசெய்த பிறகு, வெட்டிய இடத்தை ஒரு வாரமாவது பூசாமல் விட்டு, டேங்க் நிறைய தண்ணீர் வைத்து ஜாயின்ட்டைப் பாருங்கள். அன்று மாலையே பூசிவிட்டுக் காசு கேட்கிற ஆளை நான் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

தை பிறந்த பிறகு பெயின்ட் அடித்தால் நிற்கும். அதற்குள் குடிவருகிறவர்களிடம் சுவர் காய்கிறது என்று உள்ளதைச் சொல்லி, வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை சுரண்டிப் பட்டி பார்க்கும் கூலியைவிட அது குறைவுதான். பங்குனியில் அவர்கள் கிளம்பியதும் டேங்க் வால்வை மூடி, மோட்டார் கன்ட்ரோலரை அணைத்து, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.