தூக்கம் வராத ராத்திரியும் பகல் 12 மணியும்

குடியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும், கூடவே கொட்டக் கொட்ட விழித்திருக்கும் தங்கச்சிகளுக்கும் இந்த அக்கா சொல்ல வந்தது ஒன்றுதான். தூக்கம் வராததை, 'போகப் போகச் சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். குவார்ட்டரிடம் திரும்பிப் போகும் வழிகளில் இது பெரிய வழி.

வருஷக்கணக்காக மது மூளையை அமுக்கி வைத்திருந்தது. மூளையும் ஈடுகட்ட, விழிப்பைக் கூட்டிக்கொண்டது. இப்போது அமுக்க ஆளில்லை, விழிப்பு மட்டும் மிச்சம். கை நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். தூக்கம் திரும்ப வாரக்கணக்காகும், சிலருக்கு மாதக்கணக்கு. 'ஒரு கட்டிங் போட்டா தூங்கிடுவேன்' என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. கண் சீக்கிரம் சொருகும். போதை இறங்கும் பின்னிரவில் முழிப்பு தட்டி, விடியும்வரை புரளல்தான்.

குடிப்பது போலவே கனவு வரும். திடுக்கிட்டு எழுந்து, உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. கனவில் குடித்தது கணக்கில் சேராது, தம்பி. காலையில் வீட்டில் சொல்லிவிடு. தங்கச்சி, நீ கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

சுமார் இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரவில்லையா, எழுந்துவிடு. மணி பார்க்காதே, செல்போனைத் தொடாதே. மங்கலான வெளிச்சத்தில் பூண்டு உரி, துணி மடி. கொட்டாவி வந்தபின் படு. நாலு மணிக்குத்தான் தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்தே ஆகவேண்டும். இது கொடுமைதான், ஆனால் ராத்திரித் தூக்கத்தை மீட்பது இதுதான். மத்தியானத்தோடு டீக்கு முற்றுப்புள்ளி. 'குடியை விட்டாரே, டீயாவது குடிக்கட்டும்' என்று ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கிற பாசம் வேண்டாம். படுக்கும் முன் பிடிக்கும் பீடி, சிகரெட்டும் விழிப்பைத்தான் கூட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். பலவும் தாமே பழக்கமாகிவிடும் ரகம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மாத்திரையில்லாமல் தூக்கத்தைச் சீராக்கும் உளவியல் பயிற்சி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள்.

எல்லோரும் ராத்திரியைக் காவல் காக்கிறார்கள். ஆனால் டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு! தூங்காத உடம்பு, எரிச்சல், காலியான வயிறு, சட்டைப் பையில் பணம்: சறுக்கல் பல நேரம் அங்கேதான். அதனால் மோசமான ராத்திரிக்கு மறுநாள் பதினோரு மணிக்கே சாப்பாடு போட்டுவிடுங்கள். பசியும் குடி நினைப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள். ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்ட நண்பருக்கு ஒரு போன் போட்டாலே அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும்.

அப்படியும் குடித்துவிட்டாரா? அன்று ராத்திரியே பஞ்சாயத்து வைக்காதீர்கள், போதையில் எதுவும் ஏறாது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்; தூங்காத நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தவைக்க வேண்டாம்; வலிப்போ, ஆள் தெரியாத குழப்பமோ இரண்டு மூன்று நாளுக்குள் வரலாம். குடியை நிறுத்த டாக்டர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்து, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கே உலை. யாரிடம் கேட்பது என்று திகைத்தால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, டெலி மானஸ் 14416. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது.