இருபதில் ஒரு பங்கு எஞ்சின்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு நீராவி எஞ்சினின் மாதிரியைச் செய்தோம். பவேரியாவில் 1908-ஆம் ஆண்டு முதல் ஓடிய எஸ் 3/6 என்னும் ஜெர்மானிய விரைவு எஞ்சின் அது. "தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஜெர்மனி எஞ்சின் எதற்கு?" என்று கேட்காதவர் இல்லை. காரணம் இருக்கிறது.

நம் ஊர் வழியாக மீட்டர் பாதை இருந்த காலத்தில் பயணி வண்டிகளை இழுத்தவற்றுள் ஒய்.பி. வகை எஞ்சின்களும் உண்டு. 1949 முதல் 1970 வரை 871 ஒய்.பி.கள் செய்யப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை ஜாம்ஷெட்பூர் டெல்கோவில் உருவானவை. ஒரு பகுதி மியூனிக் நகரத்துக் கிராஸ்-மாஃபை தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி வந்தவை. கிராஸ், மாஃபை என்ற இரு நிறுவனங்கள் 1931-இல் ஒன்றானதால் வந்த பெயர் அது. எஸ் 3/6 அந்த மாஃபையில் பிறந்தது. ஆக, ஒரு வீட்டுப் பெண்கள்தாம். அக்கா அங்கேயே இருந்துவிட்டாள், தங்கை இங்கே வாழ்க்கைப்பட்டாள்.

'3/6' என்பது பின்னம் அன்று. ஆறு அச்சுகளில் மூன்றை நீராவி சுழற்றுகிறது என்று பொருள். மற்ற மூன்றும் பாரம் தாங்குபவை.

அளவுக்கு 1:20 என்று முடிவு செய்தோம். டெண்டரோடு 21 மீட்டருக்கு மேல் நீளமான எஞ்சின் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது. பெரிய சக்கரத்தின் விட்டம் 1870 மி.மீ.; எங்களுக்கு 93.5 மி.மீ. பலகையில் தண்டவாளம் வரையும்போது மூன்று அகலங்களை வரைந்தோம்: ஜெர்மனியின் 1435 மி.மீ.க்கு ஏறத்தாழ 72, மீட்டர் பாதைக்கு 50, நம் அகலப் பாதையின் 1676 மி.மீ.க்கு ஏறத்தாழ 84. பார்க்க வந்தவர்கள் எஞ்சினைவிட இந்தக் கோடுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து 1861-இல் தஞ்சைக்கு முதலில் வந்தது அகலப் பாதையே. 1870-களில் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கி, நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கியிருக்கிறார்கள்!

விரைவு எஞ்சினுக்குப் பெரிய சக்கரம் ஏன்? எஸ் 3/6-இன் சக்கரம் ஒரு சுற்றில் 5.87 மீட்டர் போகும். ஒய்.பி.யின் சக்கரம் 1372 மி.மீ. விட்டமுள்ளது, ஒரு சுற்றுக்கு 4.31 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு அக்கா 170 சுற்று, தங்கை 232 சுற்று. அதே வேகத்தில் போக, தங்கையின் பிஸ்டன் அத்தனை முறை அதிகமாக ஓடியாட வேண்டும்.

இந்த எஞ்சினில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அதன் சிக்கனம். நான்கு சிலிண்டர்கள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உள்ளே இருக்கும் இரண்டு சிறிய சிலிண்டர்களில் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்த பிறகும் வெளியே விட்டுவிடாமல், புறத்தே உள்ள இரண்டு பெரிய சிலிண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். மேல் வயலில் பாய்ந்த தண்ணீரை மடை திறந்து கீழ் வயலுக்கு விடுவதை நாம் பார்த்ததில்லையா? அதுவேதான். விரிந்த நீராவிக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் இரண்டாவது சிலிண்டர் பெரிது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நாள், கண்காட்சிக்கு முந்தின நாள். சக்கரங்கள் பலகையைத் தொடாதபடி எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, நடு அச்சிலிருந்த கைப்பிடியைச் சுற்றினோம். அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. அழுத்திச் சுற்றியதில் நடுச் சக்கரம் முன்னும் பின்சக்கரம் பின்னுமாகத் திரும்பி, இணைப்புத் தண்டாக வைத்த சைக்கிள் ஸ்போக் வளைந்தது. ஒருத்தி அழுதேவிட்டாள். (யார் என்று எழுதக் கூடாதாம்.)

எங்களில் ஒருத்தியின் தாத்தா மீட்டர் பாதைக் காலத்து ஃபயர்மேன். அன்று மாலை அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன பிள்ளைகளா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டியிருக்கீங்களே! இந்தக் கை மேலே நின்னா அந்தக் கை நேரே நீட்டி நிக்கணும்" என்று தம் இரு கைகளாலேயே செய்து காட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. தண்டும் அச்சும் ஒரே கோட்டில் வரும் இடத்தில், தள்ளினாலும் இழுத்தாலும் சக்கரத்துக்குத் திருப்பம் கிடைக்காது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது மிதித்துப் பாருங்கள். அதனால்தான் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் 90 பாகை வேறுபாடு வைக்கிறார்கள். ஒரு பக்கம் சோரும்போது மறுபக்கம் முழு வலிமையோடு இருக்கும். எஞ்சின் எந்த நிலையில் நின்றிருந்தாலும் புறப்படும். இரவு ஒன்பது மணிக்குள் ஊசிகளைப் பிடுங்கி மாற்றி மாட்டினோம். சுற்றியது.

"இதில் உண்மையான நீராவி ஏன் இல்லை?" என்று கண்காட்சியில் ஒரு சிஸ்டர் கேட்டார்கள். நீளம் 20-இல் ஒரு பங்கானால் பரப்பு 400-இல் ஒரு பங்கு, கன அளவு 8000-இல் ஒரு பங்கு. குடத்து வெந்நீருக்கு முன்பே தம்ளர் வெந்நீர் ஆறிவிடுகிறது அல்லவா? சிறிய கொதிகலனும் அப்படித்தான் வெப்பத்தை இழக்கும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1:87 அளவில் இதே எஞ்சினைச் செய்கிறது. அதற்குள் இருப்பது மின்சார மோட்டார். எடையும் கன அளவைப் போலவே குறையும்: ஏறத்தாழ 90 டன் எஞ்சின், இரும்பிலேயே செய்தாலும் 11 கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். எங்கள் அட்டை எஞ்சின் ஒன்றரைக் கிலோ!

தாத்தாவும் கண்காட்சிக்கு வந்தார். கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'குப்' என்று வாயாலேயே புகை விட்டார். சுற்றிலும் சிறுமிகள் கூடிவிட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம ஒய்.பி. எங்கே?" என்றார் போகும்போது.

அதன் சக்கரத்துக்கு வட்டம் வரைந்துவிட்டோம். விட்டம் 68.6 மி.மீ.