கரை இருக்கக் கவலை எதற்கு?

அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டு, மடிப்புக்கு மடிப்பு கிழிந்துவிட்டது. ஜரிகைக் கரை மட்டும் புதிதுபோல இருக்கிறது. பாத்திரக்காரரிடம் போட மனசு வரவில்லை. வீட்டு அலங்காரத்துக்கு ஏதாவது செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக! பாத்திரக்காரர் ஏமாறட்டும், நீங்கள் கத்தரிக்கோலை எடுங்கள். முதலில் ஒரு ஜரிகை இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் வெள்ளி ஜரிகை. துண்டுத் துணுக்கைக்கூட வீசாதீர்கள்.

கரையை ஒட்டி வெட்டினால் பிரிந்துவிடும். ஓர் அங்குலம் உடல் துணியும் சேர்த்து வெட்டி, அடியில் காடாத்துணி வைத்துத் தையுங்கள். நீளக் கரை வாசலுக்குத் தோரணம், முந்தானை சட்டம் போட்ட சுவர்ப்படம், மிச்சம் திண்டு உறை. மேலே பருத்தித் துணி விரித்தே இஸ்திரி போடுங்கள். வெயில் விழாத சுவரில் மாட்டினால் சாயம் வெளுக்காது.