நத்ரா கல்யாணமும் உங்கள் தம்பியின் பயமும்

அன்புள்ள அக்கா,

புக்கிட் தெங்காவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ள உங்கள் மகன் ஆசைப்படுகிறான். உங்களுக்கு மறுப்பில்லை. தம்பிதான், “இனம் மாறிக் கட்டினால் ஊரே பற்றி எரியும், நத்ரா கதை தெரியாதா?” என்று குறுக்கே நிற்கிறார். அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

நத்ராவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மரியா ஹெர்தோக். 1937-இல் ஜாவாவில் பிறந்தவள். அப்பா டச்சுப் படைவீரர், அம்மா யுரேஷியப் பெண். ஜப்பான்காரன் வந்ததும் அப்பா போர்க்கைதியானார். 1942-இல், ஐந்து வயதில், அவள் சே அமினா என்ற மலாய்ப் பெண்ணின் கைக்கு வந்தாள். பெற்ற அம்மா பிறகு “கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன்” என்றார். அமினாவோ “வளர்க்கவே தந்தார்கள்” என்றார். போர் முடிந்ததும் அமினா அவளைத் திரங்கானுவில் உள்ள கெமாமானுக்கு அழைத்துப் போனார். மலாய் பேசி, குர்ஆன் ஓதி, அந்தக் கம்பத்துப் பிள்ளையாகவே அவள் வளர்ந்தாள்.

இந்த இடத்தில் நம் வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெண் குழந்தை வேண்டாமென்று கொடுத்த சீனக் குடும்பங்களிடமிருந்து வாங்கி வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்த நாட்டில் எத்தனை! சேலை கட்டி, பொட்டு வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த சீன முகங்களை உங்கள் அம்மா காலத்தில் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அவர்களுக்கும் கல்யாணம் நடந்தது, பேரப்பிள்ளைகள் வந்தார்கள். எங்கும் தீப்பிடிக்கவில்லை.

நத்ராவுக்கு வழக்கு வந்தது. 1949-இல் திரங்கானுவில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கண்ணில் அவள் பட, விஷயம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. 1950-இல் ஒரு நீதிபதி பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னார். ஜூலையில் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, அவள் அமினாவிடமே திரும்பினாள். சில நாளிலேயே, ஆகஸ்ட் 1 அன்று, ஆசிரியர் பயிற்சியில் இருந்த 22 வயது மன்சூர் அடாபிக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு வயது 13.

இந்தக் கல்யாணத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பிள்ளையை வழக்கிலிருந்து காப்பாற்ற அவசரமாகப் போட்ட முடிச்சு அது. டிசம்பர் 2 அன்று நீதிபதி பிரவுன் அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முஸ்லிமாக வளர்ந்த பெண்ணைத் தாம்சன் சாலையில் உள்ள கன்னியாஸ்திரிகள் மடத்தில் தங்கவைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் உள்ளே புகுந்து, கன்னியாஸ்திரிகளோடும் மேரி மாதா சிலை முன்னும் அவளைப் படமெடுத்துப் போட்டார்கள். ஊர் கொதித்தது.

கொதித்ததைக் கிளறியவர்களில் ஒரு தமிழரும் உண்டு. கரீம் கனி. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில், ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவியைப் போலவே, ஆலோசகராக இருந்தவர். நத்ராவுக்காக அமைத்த நடவடிக்கைக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். கலவரத்துக்குப் பிறகு அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

டிசம்பர் 11 அன்று மேல்முறையீட்டு விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே கூடியிருந்த கூட்டம் வெள்ளைக்காரர்களையும் யுரேஷியர்களையும் தேடித் தேடி அடித்தது. 18 பேர் செத்தார்கள், 173 பேர் காயப்பட்டார்கள். விசாரிக்க வந்த குழுவின் தலைவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சர் லயனல் லீச். போலீஸ் அதிகாரிகள் நேரத்தில் செயல்படாததைத்தான் அந்தக் குழு கடுமையாகச் சாடியது. மரியாவையோ மறுநாளே விமானத்தில் ஹாலந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வேறு ஒருவரைக் கட்டிப் பத்துப் பிள்ளைகள் பெற்று, 2009-இல் இறந்தார்.

இதில் “இனம் மாறிய கல்யாணம்” எங்கே தீ வைத்தது? பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை, மதத்தைச் சீண்டிய மடம், படம் போட்ட பத்திரிகை, மேடை போட்ட தலைவர்கள், கைகட்டி நின்ற போலீஸ். இத்தனை பேரை விட்டுவிட்டு ஒரு மணப்பெண்ணின் தலையில் பழியைப் போடுவது எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

சிங்கப்பூர் தூரம் என்றால் பினாங்குக்கே வருவோம். 1957 ஜனவரியில், ஜார்ஜ் டவுன் மாநகரமானதைக் கொண்டாடிய நாள்களில், இனச்சண்டை மூண்டது. 1964 ஜூலையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, புக்கிட் மெர்தாஜாமில், மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதி ஊரடங்கு போட்டார்கள். 1967 நவம்பரில் பவுண்டு மதிப்பு இறங்கியதும் பழைய வெள்ளி நோட்டு ஒன்று 85 காசாகிப்போனது. பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி. 24-ஆம் தேதி தொழிற்கட்சி அறிவித்த ஹர்த்தால் ரத்தக்களறியாகி, மறுபடி ஊரடங்கு. உங்கள் தம்பி பினாங்கில் வளர்ந்தவர்தானே? இந்த மூன்றில் எதற்குக் கல்யாணம் காரணம் என்று கேளுங்கள்.

மகன் ஒரு மலாய்ப் பெண்ணை விரும்பியிருந்தால் மதம் மாறுவது, பிறக்கும் பிள்ளைகளின் மதம் என்று சட்டச் சிக்கல் நிறைய இருந்திருக்கும். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். இந்தப் பெண் முஸ்லிம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவு இலாகாவில் மனுக் கொடுத்தால் போதும். 21 வயது தாண்டியவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை. அறிவிப்பு ஒட்டியதிலிருந்து 21 நாள் பொறுத்திருக்க வேண்டும். தம்பிக்கு அவ்வளவு ஆட்சேபம் இருந்தால் அதற்குள் கட்டணம் கட்டித் தடை மனுப் போடலாம், பதிவாளர் விசாரிப்பார். சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். பெண் சீனத்தி என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி முறையான எழுத்தாளன்