ஒரு காப்பிக் கடையின் கணக்கு

இந்த மாதப் படிப்பு வட்டத்தில் ஒரு சின்னக் கடைக்குள் போய்ப் பார்ப்போம். நம்ம பிள்ளைங்க நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா, "சொந்தமா ஒரு காப்பிக் கடை போட்டா என்ன?" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஆசை நல்லதுதான். ஆனால் அந்தக் கடைக்குப் போடும் முதல் பல வீடுகளில் அப்பாவின் சேமநிதிப் பணம், அம்மாவின் நகை. அதனால் கடையின் பெயர்ப்பலகைக்கு நிறம் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நம் கடமை.

படிக்க எங்கும் அலைய வேண்டாம். திருக்குறளின் பொருட்பாலில் 47 முதல் 50 வரை உள்ள நான்கு அதிகாரங்கள் வரிசையாக இதைத்தான் பேசுகின்றன. அவை அரசனுக்குச் சொன்னவை. இரண்டு ஊழியர், ஒரு இயந்திரம், ஆறு மேசை உள்ள கடைக்கும் அவை அப்படியே பொருந்தும்.

1. தெரிந்துசெயல்வகை

முதலில் எண்களைத் தெரிந்துகொள்வோம். கீழே உள்ளவை உதாரணத்திற்கு நான் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் தாமானில் உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை கணக்குப் பாருங்கள்.

ஒரு லாத்தே 9 ரிங்கிட். அதற்கு 18 கிராம் காப்பிக்கொட்டை வேண்டும். கிலோ 80 ரிங்கிட் என்றால் 1.44 ரிங்கிட். பால் 180 மில்லிலிட்டர். லிட்டர் 8 ரிங்கிட் என்றால் அதுவும் 1.44. கோப்பை, மூடி, சீனிக்கு 62 சென். மொத்தம் 3.50 ரிங்கிட். கையில் நிற்பது 5.50.

இனி மாதச் செலவு. வாடகை 3,500. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். முதலாளி செலுத்த வேண்டிய 13 விழுக்காடு சேமநிதி, சொக்சோ எல்லாம் சேர்த்து இரண்டு ஊழியருக்குச் சுமார் 3,900. மின்சாரம், தண்ணீர், இணையம் 900. இயந்திரப் பராமரிப்பு, துப்புரவுப் பொருள் 500. கடைக்காரரின் சொந்தச் சம்பளம் 2,500. கூட்டினால் 11,300 ரிங்கிட்.

இதை 5.50ஆல் வகுத்தால் மாதம் 2,055 கோப்பை. 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 79. இதில் இலாபம் ஒரு சென்கூட இல்லை. கடை மூச்சுவிட மட்டுமே இந்த 79.

இங்கேதான் பலர் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்: கடைக்காரரின் 2,500 ரிங்கிட். அதை எடுத்துவிட்டால் நாளுக்கு 62 கோப்பை போதும் என்று காகிதம் சொல்லும். கடை ஓடுவது மாதிரியும் தெரியும். உண்மையில் அந்த 17 கோப்பைக்கான பணத்தைச் சம்பளமே வாங்காத ஒருவர் தன் உழைப்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தள்ளுபடியும் அப்படித்தான். "பத்து விழுக்காடுதானே" என்று 90 சென் குறைத்தால் கையில் நிற்பது 4.60 ஆகிவிடும். அப்போது நாளுக்கு 95 கோப்பை விற்க வேண்டும். பத்து விழுக்காடு விட்டுக்கொடுத்ததற்கு இருபது விழுக்காடு கூடுதல் வேலை.

2. வலியறிதல்

எடுத்த வேலையின் வலு, நம் வலு, எதிரில் நிற்பவரின் வலு, துணை நிற்பவரின் வலு. இந்த நான்கையும் எடைபோட வேண்டும்.

வேலையின் வலு: எஸ்பிரெசோ என்பது பொத்தானை அழுத்தினால் வரும் பானம் அல்ல. சுமார் 9 பார் அழுத்தம், 90 பாகைக்கு மேல் சூடான நீர், 25 முதல் 30 விநாடி. காற்றின் ஈரம் மாறினால், கொட்டை பழசானால், அரைக்கும் அளவை மாற்ற வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் மூன்று கோப்பை சோதித்துக் கொட்டினால் மாதம் 1.4 கிலோ, 112 ரிங்கிட். நுரைத்த பாலில் கோப்பைக்கு 30 மில்லிலிட்டர் மிஞ்சி, ஐம்பது கோப்பைக்குத் தொட்டியில் போனால் மாதம் 39 லிட்டர்; 312 ரிங்கிட். சோதிப்பதைத் தவிர்க்க முடியாது. பாலை அளந்து ஊற்ற முடியும்.

இதோடு எஸ்.எஸ்.எம். பதிவு, நகராண்மைக் கழக உரிமம், ஊழியர்களுக்கு உணவு கையாள்வோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி. இவை எல்லாம் கடை திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

எதிரில் இருப்பவரின் வலு: எதிர்வரிசை மாமாக் கடையில் தே தாரிக் உங்கள் லாத்தேயின் விலையில் பாதிகூட இல்லை. விடிய விடியத் திறந்தும் இருக்கும். விலையில் அவரோடு மோத முடியாது.

துணை நிற்பவரின் வலு: அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து முட்டையில்லாத கேக் செய்து தருகிறார். தங்கை வார இறுதியில் கல்லாவில் உட்காருகிறாள். "வீட்டு ஆளுதானே, சமாளிச்சிடலாம்லா" என்கிறோம். துணை இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் அந்த உழைப்புக்கும் ஒரு விலையைக் கணக்கில் எழுத வேண்டும். இந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்கள் வரவு செலவின் அளவைப் பேசுவது காரணமில்லாமல் இல்லை.

3. காலமறிதல்

79 கோப்பையைப் பத்து மணி நேரத்திற்குப் பிரித்தால் மணிக்கு எட்டு. சுலபம் மாதிரி இருக்கும். ஆனால் ஆட்கள் அப்படி வரிசைபோட்டு வருவதில்லை. பாதிப் பேர் காலை 8 முதல் 10க்குள் வந்தால் மணிக்கு 20.

ஒரு கோப்பைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒருவரால் மணிக்கு 30 போட முடியும். 20 பேர் வந்தால் சமாளிக்கலாம். 27 பேர் வந்தால்? வாடிக்கையாளர் கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பொறியியலில் நாங்கள் படிக்கும் வரிசைக் கோட்பாட்டின்படி, சராசரிக் காத்திருப்பு நேரம் நாலரை மடங்கு ஆகிவிடும். வேலைக்கு நேரமாகிவிட்டவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதனால் உதவிக்கு ஆள் வைத்தால் அந்த இரண்டு மணி நேரத்திற்கு வைக்க வேண்டும்.

ஆண்டுக்கும் ஒரு காலம் உண்டு. நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் குறையும். தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் நாமே கடை மூடுவோம். வாடகைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. 2025 பிப்ரவரியில் அராபிக்கா கொட்டையின் அனைத்துலகச் சந்தை விலை ஒரு பவுண்டு 4 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் கணக்கில் கொட்டை கிலோவுக்கு 20 ரிங்கிட் ஏறினால் மாதம் 740 ரிங்கிட் போய்விடும். மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் திறப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

4. இடனறிதல்

முதலைக்குத் தண்ணீரில்தான் பலம். வாடகை மலிவு என்று பின்வரிசையில், வண்டி நிறுத்த இடமில்லாத கடையை எடுத்தால் அந்த 79 பேர் எங்கிருந்து வருவார்கள்? கையெழுத்துப் போடும் முன், வாரநாளில் ஒரு நாள், ஞாயிறு ஒரு நாள், கடைக்கு எதிரில் உட்கார்ந்து போவோர் வருவோரை எண்ணுங்கள். பல்கலைக்கழகத்திற்குப் பக்கம் என்றால் விடுமுறை மாதங்களையும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் இடம் எது என்பது சாமானிலும் உண்டு. கோயில் முடிந்து வருபவர் "இதுல முட்டை இருக்கா?" என்று கேட்டால் தயங்காமல் உண்மையைச் சொல்லும் கடையாக இருந்தால், அந்த நம்பிக்கை விலைக்குறைப்பால் வாங்க முடியாதது.

தொழிலும் தர்மமே என்கிறோம். அப்படியென்றால் ஊழியரின் சேமநிதியைத் தள்ளிப்போடாமல் கட்டுவதும், வீட்டாரின் உழைப்பை எழுதி வைப்பதும் அந்த தர்மத்தில் அடங்கும். கணக்கில் எழுதாத செலவும் செலவுதான். அதை வீட்டில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் கட்டுகிறார்.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் அல்லது உறவில் நடக்கும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சம்பளம் இல்லாமல் உழைப்பவர் யார்? வாரத்திற்கு எத்தனை மணி நேரம்?

2. நண்பர்கள் வந்து "பிறகு தரேன் மச்சான்" என்றால், உறவும் கெடாமல் கடையும் கெடாமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்?

3. மாதம் 1,000 ரிங்கிட் பற்றாக்குறை என்றால் எதைக் குறைப்பீர்கள், எதைக் குறைக்கவே மாட்டீர்கள்? ஏன்?

அடுத்த சந்திப்புக்கு வரும்போது முதல் கேள்விக்கான பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதும் முன், அந்த உழைப்பாளியிடமே உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.